மல்லாரிமேல் ஏறிய சினிமாப் பாட்டு

மழைக்காலத்தில் வானொலிச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பெருமையெல்லாம் இல்லை. கடலூர்த் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அப்பா ஏணியைத் தேடிக்கொண்டு கூரை ஓட்டைப் பார்க்கப் போவார். கார்த்திகை முடிந்தால் வானொலி எங்களை மறந்துவிடும். பிற்பாடு வேலை நிமித்தமாக மதுரைப் பக்கம் இருந்தபோது, கடலூர்க்காரன் என்று சொன்னால், "ஜெயில் இருக்கே, அந்த ஊரா?" என்பார்கள். 1918இல் பாரதியையே கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள் என்று சொல்லி நானும் ஊர் மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். புயல் கூண்டும் ஜெயிலும் போக எங்களுக்கு வேறு விலாசம் உண்டு என்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

அதனால் தங்கச்சி மகன் அனுப்பிய வீடியோவைத் திறந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரைப் பற்றி மார்தட்டும் தலைப்பு ஒன்று. கெடிலத்துப் பாலம், பாடலீசுவரர் கோபுரம், சில்வர் பீச், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் நுழையும் படகு, கடைசியில் தில்லைக் கோபுரங்கள் நாலும் ஒரே பார்வையில். எல்லாமே ஆகாயத்திலிருந்து எடுத்தவை. நான் பிறந்து வளர்ந்த தெருவைக்கூட அந்த உயரத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. பருந்துகளுக்கு மட்டும் தெரிந்திருந்த கடலூர் இப்போது எல்லாருக்கும் தெரிகிறது, சரி. ஆனால் ஒரு மனித முகம் இல்லை.

சிதம்பரத்துத் தேர் வந்த இடத்தில்தான் விஷயம். படத்தைத் தொகுத்த பையன் அங்கே கொஞ்சம் அசந்துவிட்டான் போலிருக்கிறது. ஒரு சினிமாப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அசல் சத்தம் எட்டிப் பார்த்தது. தவிலில் ஓர் உருட்டு, அதன்மேல் நாகசுரத்தில் கம்பீரநாட்டை. மல்லாரி! அடையாளம் கண்டுகொள்வதற்குள் சினிமா டிரம்ஸ் வந்து அதை அமுக்கிவிட்டது.

எனக்கு அவ்வளவு போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்துக்குப் போய்விட்டேன். விடுதியில் இடம் கிடைக்காமல் நானும் இன்னொருவனும் மாலைகட்டித் தெருவில் ஒரு வீட்டின் மாடியறையில் இருந்தோம். வீட்டுக்கார அம்மாளுக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தெருவில் என்ன நடக்கிறது என்பதைக் காதாலேயே பார்ப்பவர். மார்கழித் தேரன்று விடியற்காலையில் அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பார்: "தம்பி, சாமி வெளிய வந்தாச்சு, எழுந்திருங்க." எப்படித் தெரியும் என்று கேட்டால், "மல்லாரி கேக்கலியா?" என்பார்.

மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது. சாமி புறப்பாட்டுக்கென்றே இருக்கிற வாசிப்பு. தளிகை வரும்போது ஒன்று, தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. கச்சேரி மேடையில் அதை ஒரு உருப்படியாகக் கேட்டு ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். தேரோடும் வீதியில் குடியிருப்பவர்களுக்கு அது ஒரு சேதி. சாமி எங்கே நிற்கிறது, எப்போது நம் வாசலுக்கு வரும், அடுப்பில் இருப்பதை இறக்கி வைக்கலாமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தில்லையில் இன்னொரு விசேஷம், மூலவரே தேரேறுகிறார். பிள்ளையார், முருகன், நடராசர், சிவகாமி, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வரப் பொழுது சாய்ந்துவிடும். அன்றிரவு ஆயிரங்கால் மண்டபம். மறுநாள் அங்கே அபிஷேகம் முடிந்து ஆருத்ரா தரிசனம். அந்த இரண்டு நாளும் எங்கள் அறைக்குப் படுக்க வரும் உறவுக்காரர்களின் எண்ணிக்கை, எங்களுக்கு எத்தனை உறவு இருக்கிறது என்பதையே புதிதாகச் சொல்லும்.

அப்போது யார் வாசித்தார்கள் என்று கேட்டால் அந்த அம்மாளுக்குத் தெரியும். நாகசுரக்காரர், அவர் தகப்பனார், தவில்காரர் எந்த ஊர் மாப்பிள்ளை என்பதுவரை சொல்லுவார். வாசிப்பைக் கேட்டே ஆளைச் சொல்லக்கூடியவர். "இன்னிக்குப் பெரியவருக்கு உடம்பு சரியில்ல போல, பையன்தான் வாசிக்கிறான்" என்று ஒருநாள் சொன்னார். கீழ வீதிக்குப் போய்ப் பார்த்தோம். பையன்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

அதற்கெல்லாம் முன்பு, திருப்பாப்புலியூர்ச் சின்ன வயதில், எங்கள் இசைக்கல்வி முழுக்க மைக் செட் உபயம். திருப்பாதிரிப்புலியூர் என்பது ரயில்வே ஸ்டேஷன் பலகைக்கும் தேவாரத்துக்கும். ஊர்க்காரன் வாயில் அது திருப்பாப்புலியூர்தான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கூழ் எதுவானாலும் தென்னைமரத்தில் குழாய் கட்டிவிடுவார்கள். சி.எஸ். ஜெயராமன் குரல் வந்தால் அப்பா செய்கிற வேலையை நிறுத்தி, "நம்ம சிதம்பரத்துக்காரர்" என்பார். 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடிய குரல். அந்தக் கார்வை சிவாஜியின் குரலே என்று தெருவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா விடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை இழுத்துவைத்து, 1917இல் சிதம்பரத்தில் பிறந்தவர், கருணாநிதியின் மைத்துனர் என்று ஜாதகம் படிப்பார்.

அப்பா மஞ்சக்குப்பத்தில் அரசாங்க குமாஸ்தா. தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரம் என்ற மிதப்பு அவருக்கு உண்டு. 1993இல் விழுப்புரத்தைத் தனியாகப் பிரித்தபோது பாகப்பிரிவினை நடந்த வீட்டுக்காரர் மாதிரி ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஊர்க்காரர்களைக் கணக்கெடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. வள்ளலார் பிறந்த மருதூர் நம்முடையது. அப்பர் பிறந்த திருவாமூர் நம்முடையது, கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அவர் கரையேறியதும் நம் ஊரில். ஜெயகாந்தன் மஞ்சக்குப்பம். புதுமைப்பித்தனே 1906இல் திருப்பாப்புலியூரில்தான் பிறந்தார், நாம்தான் அவரைத் திருநெல்வேலிக்குத் தாரைவார்த்துவிட்டோம் என்று அங்கலாய்ப்பார். இன்றைக்கு இருந்திருந்தால் அப்பாவே ஒரு சானல் தொடங்கியிருப்பார்.

இப்போது வருகிற வீடியோக்களில் அப்பாவின் இந்தப் பட்டியல் அப்படியே வருகிறது. கூடவே தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை. 1690இல் வெள்ளைக்காரன் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் கோட்டையோடு சேர்த்தி என்று பேசி, குண்டு விழுந்த எல்லைவரை வளைத்துக்கொண்டான். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்ட 1746இலிருந்து ஆறு வருஷம் தென்னிந்தியாவில் இங்கிலீஷ்காரனின் தலைமையிடம் எங்கள் ஊர். 1756இல் கிளைவ் இங்கே கவர்னர். இதையெல்லாம் சொல்லும்போது அந்தப் பையன்களின் குரலில் ஏறும் வீரம் எனக்குக் கொஞ்சம் வேடிக்கை. அந்தக் குண்டு நம் தாத்தன் வீட்டுக் கொல்லையில் அல்லவா விழுந்தது!

அஞ்சலையம்மாள் கதை வேறு. அதில் பெருமைப்பட முழு நியாயம் உண்டு. கடலூர் முதுநகரில் பிறந்தவர். 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறை சென்றார். 1934இல் காந்தி கடலூருக்கு வந்தபோது, அவரைச் சந்திக்கக்கூடாது என்று தடை. அம்மாள் பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டார். 'தென்னிந்தியாவின் ஜான்சி ராணி' என்று காந்தி அழைத்தது அவரைத்தான். 1937இல் சட்டமன்ற உறுப்பினர்.

என் ஆயா முதுநகரில் வாழ்க்கைப்பட்ட தன் அக்கா வீட்டுக்குப் போகும்போது அவரைத் தெருவில் பார்த்திருக்கிறாள். "அந்தம்மா கதர்ப் பொடவைய இழுத்துச் சொருவிக்கிட்டு நடந்து வந்தா ஆம்பளைங்க வழிவிட்டு நிப்பாங்க" என்பாள். நாங்கள் காது கொடுத்ததில்லை, ஆயா கதைகளில் அதுவும் ஒன்று. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடிகர் விஜய் கட்சியின் மாநாட்டுத் திடலில் வேலுநாச்சியார் பக்கத்தில் அஞ்சலையம்மாளுக்கு உயரமான கட்-அவுட் வைத்தார்கள். மறுநாளிலிருந்து செல்போனைத் திறந்தால் அஞ்சலையம்மாள். எப்படி வந்தால் என்ன, வந்தாரே என்றிருந்தது. 1961இல் மறைந்தவர் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளின் பேச்சுக்குள் வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆயா அவர் நடையைச் சொன்ன மாதிரி ஒரு வீடியோவும் சொல்லவில்லை.

பாட்டும் படமும் சேர்ந்த பழைய சரக்கும் இப்போது கையகலத் திரையில் கிடைக்கிறது. ஜெமினியின் 'நந்தனார்', 1942. தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடிய படம். நான் படித்த காலத்தில் பல்கலைக்கழக இசைக்கல்லூரிப் பக்கம் மாலையில் நடந்தால் ஜன்னல்வழியே பிள்ளைகள் சாதகம் செய்வது கேட்கும். அங்கே தேசிகர் இசைத்துறைத் தலைவராக இருந்தவர் என்பதால் பழைய ஊழியர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். வெற்றிலைப் பெட்டியோடு அவர் வராந்தாவில் உட்கார்ந்த இடம் என்று ஒரு தூணைக் காட்டினார் ஒரு பியூன். மெய்யோ பொய்யோ, அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவோம். தமிழிசைக்காக ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1941இல் மாநாடு கூட்டியது அதே அண்ணாமலை நகரில்தான். அதற்கும் முன்னால், 1935இல், கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்து ஒரு படம் வந்தது. லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரே வாயைப் பிளந்த படம்.

நந்தன் பெயரைச் சொல்லி எத்தனை வீடியோ வந்தாலும், சிதம்பரம் ஓமக்குளத்தில் அதே பெயரில் நிற்கிற பள்ளிக்கூடத்தை யாரும் காட்டக் காணோம். சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கியது. சேரிப் பிள்ளைகள் எழுத்தறியவே வழியில்லாத நாளில் பிடியரிசி திரட்டி நடத்தியிருக்கிறார். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் உண்டு. கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிற ட்ரோனை ஓமக்குளம்வரை விட்டால் பேட்டரி ஒன்றும் தீர்ந்துவிடாது.

இதைத் தங்கச்சி மகனிடம் சொன்னேன். "மாமா, கோபுரம் போட்டாத்தான் ஓடும்" என்றான். இருக்கலாம். ஆனால் ஓடாதது என்று அவன் ஒதுக்கிய ஒன்றை அவனே சில நாள் கழித்து அனுப்பினான். யாரோ ராத்திரி முழுக்கச் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த தெருக்கூத்து. படம் ஆடுகிறது, நடுவில் ஒரு தலை வந்து மறைக்கிறது, குழந்தை அழுகிறது. மேலே எந்தப் பாட்டும் ஏற்றவில்லை. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் உள்ளபடியே கேட்கின்றன. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று துரியோதனன் தன் வரவைத் தானே பாடுகிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆயாவின் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் காற்றே பாகு வாசம் அடிக்கும். கரும்பு வண்டிகள் ராப்பகலாக வரிசை கட்டி நிற்கும். திரௌபதியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசன்று நட்ட மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து போடும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளையில்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் மலைபோலப் படுக்க வைத்திருப்பார்கள். சாயங்காலம் தீமிதி.

எங்கள் ஊர்க் கூத்தில் துரியோதனன் கட்டியவர் பகலில் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் வைத்துக் கட்டி அவர் சபைக்கு வந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் பின்வரிசைக்கு ஓடிவிடுவோம். மறுநாள் அதே ஆள் கண் சிவக்க, முகத்தில் அரிதாரம் முழுசாகப் போகாமல், டீக்கடையில் நிற்பார். "இன்னா ராஜா, கரும்பு எறக்கியாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் கம்பீரம் குறையாமல், "ஆலைக்காரன் இன்னும் டோக்கன் குடுக்கல" என்பார். தொண்டை கட்டிப்போனால் நேரே ஆயா வீட்டு வாசலுக்கு வருவார். பனைவெல்லமும் மிளகும் போட்டுக் கஷாயம் கொடுப்பாள். ஊரே அவரை ராஜா என்றுதான் கூப்பிட்டது. ரேஷன் கார்டில் அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு போட்டோ இல்லை, ஒரு கேசட் இல்லை. அவர் வண்டி நின்ற பலாமரத்தடியும் இல்லை. 2011 டிசம்பரில் அடித்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது அதுவும் போயிற்று.

தங்கச்சி மகன் அனுப்பிய கூத்தில் ஆடியவரும் அபாரமான ஆள். எந்த ஊர், எந்த ஜமா, யார் என்று தேடினேன். 'செம ஆட்டம்' என்று போட்டிருந்ததே தவிர வேறு விவரம் இல்லை.

நல்ல மாதிரியும் வராமல் இல்லை. கிள்ளை மாசி மகத்தை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். அங்குள்ள முஸ்லிம்கள் தர்கா சார்பாக அவரை எதிர்கொண்டு மரியாதை செய்வது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழக்கம். மீட்டர்கேஜ் பாசஞ்சரில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போன காலத்தில், மாசி மகக் கூட்டத்தில் கதவோரம் தொங்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். மீன்கூடை ஒரு பக்கம், பெருமாளுக்குத் துளசிமாலை ஒரு பக்கம், யாரும் முகம் சுளித்ததில்லை. அந்த வீடியோவில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தட்டை நீட்டுகிறார், பட்டர் பரிவட்டம் கட்டுகிறார். எடுத்தவர் வாய் திறக்கவில்லை, பாட்டு ஏற்றவில்லை. மேளம், அலை, ஜனங்களின் பேச்சு, அவ்வளவுதான். பேசிப் பேசி விளக்குகிற வீடியோக்களைவிட எனக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

ஊரைக் கொண்டாடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகள் நன்றாகவே கொண்டாடுகிறார்கள். 2004 சுனாமிக்கும் 2015 வெள்ளத்துக்கும் மட்டும் எங்களை நோக்கித் திரும்பிய கேமரா இப்போது சும்மா ஒரு சந்தோஷத்துக்காகவும் திரும்புகிறது. ஆனால் கோபுரம் எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் எடுக்கலாம். நாகசுரக்காரருக்கும் கூத்தாடிக்கும் ஓதுவாருக்கும் வயதாகிறது. அவர்கள் சத்தத்தின்மேல் சினிமாப் பாட்டைப் போட்டு மூடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனித் திருமஞ்சனத் தேருக்குச் செல்போனோடு கீழ வீதிக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர் நிலையைவிட்டுக் கிளம்பும்போது கீழேயே நில்லுங்கள், மேளக்காரர்களுக்குப் பக்கத்தில். மல்லாரி முடிகிறவரை எடுங்கள், நடுவில் வெட்டாதீர்கள், மேலே எதையும் ஏற்றாதீர்கள். அவர்கள் காப்பி குடிக்க ஒதுங்கும்போது போய், நாகசுரம் யார், தவில் யார், எந்த ஊர் என்று கேளுங்கள். கட்டாயம் சொல்வார்கள். அந்தப் பெயர்களை வீடியோவுக்குக் கீழே முதல் வரியில் எழுதுங்கள், ஊரின் பெயரோடு.